மூன்று கட்டையில் ஒரு ராக் பாட்டு

எங்கள் ராக் குழு ஒத்திகை பார்த்தது ஜோகுபாளையத்தில் ஒரு ஷாமியானா கிடங்கில். டிரம்மரின் அப்பா கல்யாணங்களுக்குப் பந்தல் துணி, நாற்காலி, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுபவர். கிடங்கின் சுவரோரமாகச் சுருட்டிய துணிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். அவை சத்தத்தை அப்படியே குடித்துவிடும். முகூர்த்த மாதங்களில் துணியெல்லாம் வெளியே போய்விடும், அப்போது அதே அறை கிணறு மாதிரி முழங்கும். ஆடியில் சப்பென்று இருந்த பாட்டு தையில் பிரமாதமாகக் கேட்கும். ஒரு பாட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது என்ற சந்தேகம் எனக்கு அந்தக் கிடங்கில்தான் முதலில் வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் கிட்டார் வாசித்தேன். வார நாட்களில் அல்சூரில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் குனிந்து கோடு போடுவேன். ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயிலில் ஆராதனை முடிந்ததும் புடவையை மாற்றிக்கொண்டு, கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிடங்குக்கு நடப்பேன். அம்மா தடுக்கவில்லை. "பொண்ணு கிட்டார் வாசிக்கிறதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா அந்த ஒறுமல் சத்தத்தை எதுக்கு வைக்கிறே?" என்று மட்டும் கேட்பாள். கிட்டாரின் ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் பெடலைத்தான் ஒறுமல் என்பாள்.

குழுவில் நான்கு பேர். டிரம்மர் கன்னடக்காரன், ஆனால் எங்களோடு பேசிப் பேசி அவனுடைய தமிழும் எங்களுடைய கன்னடமும் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன. பேஸ் கிட்டார் வாசித்தவன் அத்திபெலேயில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், நகரத்தில் ஒரு பேஜர் கம்பெனியில் டெக்னீஷியன். நான்காவது ஆள் பாடகன். அவனும் நானும் ஒரே கோயிலில், ஒரே பாடகர் குழுவில் வளர்ந்தவர்கள். கிறிஸ்மஸ் கீதத்தில் எல்லோரும் நிறுத்திய பிறகும் அவன் குரல் மட்டும் மேலே நின்றுகொண்டிருக்கும். அதைக் கேட்டுத்தான் நான் அவனை ராக் குழுவுக்கு இழுத்து வந்தேன்.

அப்போது கண்டோன்மென்ட் பக்கத்துக் குழுக்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் பாடின. நாங்களும் அப்படித்தான். மற்றவர்களின் பாட்டைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்த குழுக்களுக்கு நடுவே நாங்கள் சொந்தப் பாட்டு பாடினோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பாட்டு எழுதுவது எப்படி என்று யாராவது கேட்டிருந்தால், "மெட்டு என்னுடையது, வார்த்தை அவனுடையது" என்று சட்டென்று சொல்லியிருப்பேன். நான் கிட்டாரில் ஒரு சுற்று வாசிப்பேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு அர்த்தமில்லாமல் லா லா என்று அதன் மேல் அலைவான். எங்காவது உச்சியில் ஒரு இடத்தில் குரல் போய் உட்காரும். நான் தலையை ஆட்டுவேன். அந்த இடம்தான் பல்லவி. வார்த்தைகளை அவன் வாரத்துக்குள் போட்டுக்கொண்டு வருவான். கல்லூரி விழாக்களில் அந்த உச்சி வரும்போது பையன்கள் நாற்காலி மேல் ஏறி நிற்பார்கள்.

ஒரு நவம்பரில், அல்சூர் பேக்கரி ஒன்றின் வாசலில் ஒன்றை இருவருக்குப் பகிர்ந்து தரும் பை-டூ காபி சொல்லிவிட்டு, அவன் சாதாரணமாகச் சொன்னான்.

"விசா வந்துடுச்சு. குடும்பத்தோட கனடா போறோம்."

"எப்போ?"

"பொங்கலுக்கு அப்புறம்."

"பிப்ரவரில காலேஜ் ஷோ ஒத்துக்கிட்டோமே!" என்றேன். அவன் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது. அவன் போவதற்கா, குழு கலைவதற்கா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அவன் போன பிறகு ஆள் தேடினோம். தெரிந்தவர்கள் மூலமாகச் சில பையன்கள் வந்தார்கள். எல்லோருக்கும் எங்கள் பாட்டுகள் தெரிந்திருந்தன. நாங்கள் பதிவு செய்த கேசட் கைமாறிப் பிரதி எடுக்கப்பட்டு விடுதிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. பையன்கள் மோசமாகப் பாடவில்லை. ஆனால் எனக்கு ஒரு விசித்திரம் தட்டுப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குரல், அப்படியிருந்தும் மூச்சு எடுக்கும் இடம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது. அது அவன் மூச்சு எடுத்த இடம். பல்லவிக்கு முன்னால் அவன் ஒரு முறை ஆழமாக மூச்சை இழுப்பான், கேசட்டில்கூடக் கேட்கும். இவர்களும் அதே இடத்தில் அதே மாதிரி இழுத்தார்கள். கேசட்டைக் கேட்டுப் பழகியதால்தான் என்று முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து கிட்டாரில் வாசித்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அந்த இடத்தில் மூச்சு எடுக்காமல் அந்தப் பாட்டைப் பாடவே முடியாது. வரியின் நீளத்தை நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். அவன் நெஞ்சின் கொள்ளளவு என் மெட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. நான் அதை அளந்து வைத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

"எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்குப்பா" என்று பேஸ்காரன் ஒரு நாள் சொன்னான். "பேஜர் ஆபரேட்டர். ஆர்கெஸ்ட்ராவுல பாடிட்டிருந்தது."

"நம்ம பாட்டைப் பாடுமா?"

"தெரியாது. ஆனா அது பேசினா எதிர்ல இருக்கிறவன் போனை வைக்க மாட்டான்."

பேஜர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இடுப்பில் செருகிக்கொள்ளும் சின்னப் பெட்டி, அதில் எழுத்து மட்டும்தான் வரும். செய்தி அனுப்ப வேண்டியவர் கம்பெனிக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். ஆபரேட்டர் அதைக் கேட்டுச் சுருக்கித் தட்டி அனுப்புவார். நாள் முழுக்க அந்தப் பெண்ணின் வேலை அதுதான்.

காலை ஷிஃப்ட் முடித்து, டிபன் டப்பாவோடு நேராக வந்தாள். வீடு ஒக்கலிபுரத்தில். என்னைவிட ஐந்தாறு வயது சிறியவள். துணிச் சுருள்களையும் டிரம்ஸையும் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்டைல பாடணும்கா?" என்று கேட்டாள்.

சுருதியை எண்ணிச் சொல்லும் கட்டைக் கணக்கு எங்களுக்குப் பழக்கமில்லை. பேஸ்காரன் விரலில் எண்ணி, "ஆறு" என்றான்.

"ஆறா! எனக்கு மூணு கட்டைதான். ஆர்கெஸ்ட்ராவுல அதனாலதான் கோரஸ்ல நிக்க வெச்சாங்க. லேடீஸ் பாட்டு எதுவும் என் குரல்ல உக்காராது. ஆம்பளைக் குரல்னு மாஸ்டர் சொல்வாரு." புகாராகச் சொல்லவில்லை, செருப்பு அளவைச் சொல்வது போலச் சொன்னாள்.

ஒரு பழைய சினிமாப் பாட்டைத் தாழ்ந்த சுருதியில் பாடிக் காட்டினாள். டிரம்மர் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தான். குரல் அடியில் கொஞ்சம் சொரசொரப்பு, நல்ல கனம். வரியின் முடிவில் அவள் நீட்டவில்லை. வாயை மூடி, "ம்" என்றோ "ன்" என்றோ அந்தச் சத்தத்தை உள்ளேயே வைத்துக்கொண்டாள். ஏதோ சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பது போல இருந்தது.

கேசட்டைக் கொடுத்து அனுப்பினோம். அடுத்த ஞாயிறு வந்தவள், "அக்கா, ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். "இந்த ரெண்டாவது பாட்டுல யாரு யார்கிட்ட பேசுறாங்க?"

"யாரும் யார்கிட்டயும் பேசல. அது ஒரு ஃபீலிங்" என்றேன்.

"யாருக்கு?"

நான் டிரம்மரைப் பார்த்தேன். அவன் பேஸ்காரனைப் பார்த்தான். இத்தனை வருடமாக வாசித்த பாட்டு. எங்களுக்குத் தெரியவில்லை.

அன்று வீட்டில் உட்கார்ந்து எங்கள் பாட்டுகளின் ஆங்கில வார்த்தைகளை எல்லாம் வரிசையாகப் படித்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லா வரியும் 'ஸ்கை', 'ஃப்ளை', 'அவே' என்று முடிந்தது. எல்லாப் பாட்டிலும் யாரோ பறந்துகொண்டே இருந்தார்கள். அவனுக்குப் பறப்பதில் தனி ஆசை ஒன்றும் கிடையாது, விமானத்தில் ஏறவே பயந்தவன். உச்சியில் வாயைத் திறந்து நீட்டிப் பிடிக்க அந்தச் சத்தங்கள் வசதி, அவ்வளவுதான். 'டேபிள்' என்றோ 'பஸ் ஸ்டாப்' என்றோ அங்கே பாட முடியாது. சத்தம் முதலில் வந்திருக்கிறது. அதற்குப் பொருந்தும் வார்த்தை பிறகு, அதற்கு ஏதோ ஒரு அர்த்தம் கடைசியில். எங்கள் பாட்டின் கருத்துகளை அவன் தொண்டை தேர்ந்தெடுத்திருக்கிறது என்று தோன்றியபோது எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, ஆர்வமாகவும் இருந்தது.

பிப்ரவரி நிகழ்ச்சிக்குப் புதிதாக எழுத நேரமில்லை. பழைய பாட்டுகளை அவளுடைய சுருதிக்கு இறக்கினோம். கிட்டாரில் மெல்லிய கம்பிகளின் கணகணப்பு போய்விட்டது. ஏதோ அடைத்த அறையில் வாசிப்பது போலக் கேட்டது. முதல் இரண்டு பாட்டுகளைக் கூட்டம் மரியாதையாகக் கேட்டது. மூன்றாவது, அவர்களுக்கு மிகவும் பிடித்த பாட்டு. பல்லவி வந்தது. அவள் தாழ்வாக, சரியாகத்தான் பாடினாள். ஆனால் முன்வரிசைப் பையன்கள் கேசட்டில் கேட்ட உயரத்துக்கே தாவிக் கத்த ஆரம்பித்தார்கள். நாங்கள் ஒரு சுருதியில், அரங்கம் ஒரு சுருதியில். யாரோ பழைய பாடகனின் பெயரைச் சொல்லிக் கூவினார்கள், பிறகு பலரும் சேர்ந்துகொண்டார்கள். அவள் பாடுவதை நிறுத்தினாள். ஓடிப் போகவில்லை. மைக்கை அவர்கள் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு, அவர்கள் முடிக்கும்வரை நின்றாள்.

திரும்பும்போது ஆட்டோவில் நானும் அவளும் மட்டும். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

"விடுங்கக்கா. அது அவர் அளவுக்குத் தெச்ச சட்டை. எனக்குத் தோள்ல நிக்கல" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "எனக்கு அளவெடுத்து ஒண்ணு தெச்சுக் குடுங்க. அதுவும் நல்லா இல்லன்னா நானே போயிடுறேன்" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். செய்வது சுலபமாக இல்லை. கிட்டாரை எடுத்ததும் விரல்கள் பழகிய படிகளில் ஏறிப்போய் அதே உச்சியில் நின்றன. அவன் இல்லாத வீட்டில் அவனுக்குச் சாப்பாடு எடுத்து வைப்பது போல நான் அவனுக்கே எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாரமும் ஒரு மெட்டோடு போவேன். அவள் பாடுவாள். டிரம்மர், "ஸ்வல்ப பேரே மாதிரி ட்ரை பண்ணலாம்பா" என்பான். வேறு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று அவனுக்கும் தெரியாது.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, மற்ற இருவரும் வரத் தாமதமானது. நானும் அவளும் மடித்த நாற்காலிகளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஒரு யோசனை வந்தது.

"நாள் பூரா மத்தவங்க செய்தியைக் கேக்குறியே. அதுல ஒண்ணைச் சொல்லேன். பாட்டாக்கிடலாம்."

"ஐயோ, அது அவங்க பேச்சுக்கா. வெளிய வரக்கூடாது" என்றாள் உடனே. பிறகு யோசித்துவிட்டு, "வேணும்னா வேலை எப்படின்னு சொல்றேன். போன் பண்றவங்க நிறைய பேசுவாங்க. சண்டை, சமாதானம், கதை எல்லாம் வரும். ஆனா பெட்டில கொஞ்சம் எழுத்துதான் போகும். அவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னு நான் பிடிக்கணும். 'இதை மட்டும் அனுப்பட்டுமா சார்?'னு கேப்பேன். 'ஆமாம்மா, அதேதான்'னு சொல்வாங்க" என்றாள்.

என் பையில் ஒரு தாள் இருந்தது. அவளுக்காக முதன்முதலாகத் தமிழில் எழுத முயன்றது. கூச்சத்தோடு படித்தேன்: "மழை நனைத்த மாலையிலே என் வாசல் தேடி வந்தவனே, மூடாத கதவின் முன்னே ஏன் தயங்கி நிற்கிறாய்..." அதற்கு மேலும் நிறைய இருந்தது.

அவள் போனில் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். முடித்ததும் சொன்னாள்:

"தட்டாதே. திறந்துதான் இருக்கு."

"என்ன?"

"இதை மட்டும் அனுப்பட்டுமான்னு கேக்குறேன்" என்று சிரித்தாள்.

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். பாடாதே, பேசு என்றேன். சொன்னாள். 'தட்டாதே' என்பது மூன்று படி கீழே இறங்கியது. பிறகு ஒரு இடைவெளி. பிறகு 'திறந்துதான் இருக்கு' ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றுவிட்டு, கடைசியில் லேசாகச் சரிந்தது. கிட்டாரில் அந்தச் சுரங்களைத் தேடிப் பிடித்தேன். மெட்டை நான் போடவில்லை. அவள் பேசியதில் ஏற்கனவே இருந்ததை எடுத்துக்கொண்டேன். முதல் தடவையாக அவனுடைய குரல் என் காதுக்குள் ஒலிக்காமல் ஒரு வரி முடிந்தது.

மற்ற இருவரும் வந்தபோது அந்த இரண்டு வரியையும் வாசித்துக் காட்டினோம். இடைவெளி வந்ததும் டிரம்மர் வழக்கம் போல ஒரு உருட்டு உருட்டினான். பழைய பாட்டுகளில் அவனுடைய வேலை அதுதான், ஓட்டை விழுந்த இடத்தை நிரப்புவது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா, அங்க ஒண்ணும் வேண்டாம்."

"அப்ப நான் ஏனு மாடலி? சும்மா உக்காரட்டா?" தான் என்ன செய்வது என்று கன்னடத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகப் புலம்பினான்.

"அந்த ஆள் கதவுக்கு வெளிய நிக்கிறான்ல? அவன் யோசிக்கிறான். யோசிக்கட்டும்."

டிரம்மருக்கு அது பிடிபட இரண்டு மூன்று வாரம் ஆனது. குச்சிகளைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தண்டனை. ஆனால் பேஸ்காரனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. இத்தனை காலம் பாடகனின் உச்சிக்கும் என் பெடலுக்கும் அடியில் அவன் வாசித்தது யாருக்கும் கேட்டதே இல்லை. இப்போது குரல் கீழே வந்துவிட்டதால் நான் மேலே ஒதுங்க வேண்டியிருந்தது. அடியில் தெளிவாகக் கேட்கும்படி அவன் பாட்டைச் சுமந்துகொண்டு நடந்தான். கூச்ச சுபாவமுள்ளவன், அந்த மாதம் கிடங்குக்குள் வரும்போதே விசிலடித்துக்கொண்டு வந்தான்.

இது ராக் பாட்டுதானா என்ற பயம் எனக்கு இருந்தது. ஒறுமல் எங்கே? அதற்கும் அவள் கேட்ட கேள்விதான் உதவியது. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று தெரிந்த பிறகு, எங்கே கத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. பாட்டில் வரும் பெண் பேசிக்கொண்டே போகிறாள். அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்கிறாள், செருப்பை உள்ளேயே விடலாம் என்கிறாள். வெளியே சத்தமே இல்லை. கடைசியில், "போயிட்டியா?" அந்த ஒரு சொல்லில்தான் பெடலை மிதித்தேன். டிரம்மர் அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினான். அவள் குரல் மூன்று கட்டையிலிருந்து ஏறவில்லை, அதே இடத்தில் நின்று கனத்தது. பழைய பாட்டுகளில் நாங்கள் ஆரம்பத்திலிருந்தே உரக்க வாசித்தோம். ஏன் என்று அப்போது யோசித்ததில்லை.

புதுப் பாட்டை முதலில் வாசித்தது ஒரு கல்யாண வரவேற்பில். டிரம்மரின் அக்காவுக்குக் கல்யாணம். பந்தல் சொந்தம், நாற்காலி சொந்தம், பாட்டுக் கச்சேரியும் சொந்தமாக இருக்கட்டும் என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே, சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, அதைப் பாடினோம். யாரும் நாற்காலி மேல் ஏறவில்லை. ஆனால் பக்கத்து வரிசைகளில் பேச்சு மெதுவாக அடங்கியது. இடைவெளி வந்தபோது பந்தியில் இலை எடுக்கும் சத்தம் கேட்டது. "போயிட்டியா?" வந்தபோது ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

முடிந்ததும் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா, கையில் ஐஸ்கிரீம் கப்போடு மேடை ஓரம் வந்தார். டிரம்மருக்குச் சித்தி முறை. தமிழும் கன்னடமும் கலந்து கேட்டார்:

"அல்லம்மா, அந்த ஆளு நிஜமாவே ஹோய்ட்டானா? இல்ல அங்கேயே நின்னுட்டு இருக்கானா?"

எங்கள் பாட்டைப் பற்றி யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. குரல் நன்றாக இருக்கிறது, கிட்டார் நன்றாக இருக்கிறது என்பார்கள். பாட்டுக்குள் இருக்கும் ஆளைப் பற்றி விசாரித்தது அவர்தான் முதல்.

"எனக்கும் தெரியல ஆன்ட்டி" என்றாள் அவள். "அடுத்த பாட்டு எழுதினாத்தான் தெரியும்."

அப்படித்தான் அடுத்த பாட்டு வந்தது, வெளியே நின்றவன் பேசுவதாக. அவளே அதையும் பாடினாள், அவளுடைய ஆம்பளைக் குரல் அதற்குப் பொருத்தமாக இருந்தது. அதன் பிறகு நாங்கள் எழுதியது எல்லாமே யாரோ ஒருவர் இன்னொருவரிடம் பேசியதுதான். வீட்டுக்காரம்மாவிடம், மேனேஜரிடம், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரியிடம். ஒன்றில் பாதி கன்னடம். கல்லூரி விழாக்கள் எங்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. சின்ன அரங்குகளிலும் கல்யாணங்களிலும் வாசித்தோம். கூட்டம் குறைவு, ஆனால் வந்தவர்கள் திரும்ப வந்தார்கள்.

மூன்று வருடம் கழித்து, ஒரு டிசம்பர் விடுமுறைக்குப் பழைய பாடகன் வந்தான். கொஞ்சம் பருத்திருந்தான். ஞாயிறு கிடங்குக்கு வருகிறேன் என்றபோது எனக்குப் படபடப்பாக இருந்தது. அவளுக்கு இல்லை. பிளாஸ்கில் காபி கொண்டுவந்திருந்தாள்.

முதலில் அவனோடு ஒரு பழைய பாட்டு வாசித்தோம். குரல் கொஞ்சம் மங்கியிருந்தாலும் உச்சி அப்படியே இருந்தது. எனக்கு ரோமம் சிலிர்த்தது. அவளும் கைதட்டினாள். பிறகு அவன், "உங்க பாட்டு ஒண்ணை நான் ட்ரை பண்றேன்" என்றான். கதவுப் பாட்டைக் கொடுத்தோம். "தட்டாதே..." என்று ஆரம்பித்தான். இடைவெளி வந்தது. அந்த 'தே'யை நீட்டி அவ்வளவு இடத்தையும் நிரப்பிவிட்டான். நிறுத்திவிட்டு அவனே சிரித்தான்.

"இந்த கேப்ல என்னதான் பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்கண்ணா" என்றாள் அவள்.

"பயமா இருக்கும்மா. பாடறதை நிறுத்தினா எல்லாரும் என்னையே பாக்குற மாதிரி இருக்கு."

"ஆமா, பாப்பாங்க. அதுக்குத்தானே?"

காபி குடிக்கும்போது நான் அவனிடம் கேட்டேன். "உனக்கு அந்த உச்சி ரொம்பப் பிடிக்கும்னுதானே எல்லாப் பாட்டையும் அங்க கொண்டுபோய் நிறுத்தினேன். இப்ப இதைக் கேட்டா உனக்கு எப்படி இருக்கு?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "எனக்குப் பிடிக்குமா? யார் சொன்னா?"

"நீ எப்பவும் அங்கதானே போவே."

"நீ தலையாட்டுவே, அதனால போனேன். ஒவ்வொரு ஷோவுக்கும் முன்னாடி பயந்துட்டே இருப்பேன். இன்னிக்கு எட்டுமா எட்டாதான்னு. உனக்குப் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்."

அவனுக்காக என்று நான், எனக்காக என்று அவன். இரண்டு பேருக்கும் தனித்தனியாகத் தேவைப்படாத ஒரு இடத்தில் எத்தனை பாட்டுகளைக் கட்டியிருக்கிறோம். அவை நல்ல பாட்டுகள் இல்லை என்று சொல்ல மாட்டேன். இன்றும் அந்த உச்சியைக் கேட்டால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அதை எழுதியது யார் என்று கேட்டால் முன்பு சொன்ன பதிலைச் சொல்ல முடியாது. நானும் இல்லை, அவனும் இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த ஏதோ ஒரு மரியாதை எழுதியது.

"ஒரு தடவைகூட நீங்க ரெண்டு பேரும் கேட்டுக்கலையா?" என்று அவள் வியந்தாள்.

"கேக்கணும்னு தோணவே இல்லையே" என்றான் அவன். எல்லோரும் சிரித்தோம். எனக்குள் மட்டும் வேறொரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. இவளிடம் நான் எதைக் கேட்காமல் விட்டிருக்கிறேன்? அவனை ரயிலேற்றி அனுப்புவது போல அல்சூர் பஸ் நிறுத்தம் வரை நானும் அவளும் போய் வழியனுப்பிவிட்டு, திரும்பி நடக்கும்போது அவளிடம் கேட்டே விட்டேன்.

"உனக்கு இந்தச் சின்னச் சின்ன வரி நிஜமாவே பிடிச்சிருக்கா? இல்ல, நான் எழுதுறேன்னு பாடுறியா?"

அவள் யோசித்தாள். "பிடிச்சிருக்குக்கா. ஆனா ஒரு பாட்டு நீளமா, மூச்சு முட்ட, நிறுத்தாம பேசுற மாதிரி வேணும். ஆபீஸ்ல நான் வெட்டி எறியுற எல்லாத்தையும் ஒரு தடவை முழுசா பேசிப் பாக்கணும்."

"இதை ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

"உங்களுக்குச் சுருக்கமா இருந்தாத்தான் பிடிக்கும்னு நினைச்சேன்."

அந்த நீளமான பாட்டை எழுத எங்களுக்கு அடுத்து வந்த கோடை முழுவதும் பிடித்தது. மூச்சு விட இடமே இல்லாமல் எழுதினோம். அவளுக்கு மூச்சு முட்டும் இடங்களில் பேஸ் அவளைக் கைப்பிடித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோனது. டிரம்மர் மறுபடியும் உருட்டினான். இந்த முறை அவளே கேட்டு வாங்கினாள். அதைத் தனிக் கேசட்டாகப் பதிவு செய்தோம். அதிகம் பேர் வாங்கவில்லை. வாங்கியவர்களில் சிலர் வரிகளை மனப்பாடமாகச் சொன்னார்கள்.

புதிய நூற்றாண்டு பிறந்து கொஞ்ச காலத்தில் செல்போன் எல்லோர் கைக்கும் வந்துவிட, பேஜர் கம்பெனி மூடப்பட்டது. பேஸ்காரன் அத்திபெலே கடையைப் பார்த்துக்கொள்ளப் போனான், ஞாயிறு மட்டும் வந்தான். அவள் கால் சென்டர் ஒன்றில் சேர்ந்தாள், கல்யாணம் ஆயிற்று, ஒரு வருடம் போல வரவில்லை. வேறு பாடகியைத் தேடலாமா என்று டிரம்மர் கேட்டான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தேடவும் இல்லை.

கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் மறுபடி கிடங்குக்கு வந்தது ஒரு மார்ச் மாதம். கல்யாண சீசன். துணியெல்லாம் வெளியே போயிருந்ததால் அறை முழங்கிக்கொண்டிருந்தது. குழந்தையை டிரம்மரின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். பழகிய பாட்டு ஒன்றை ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"அக்கா, குரல் இறங்கிடுச்சு. குழந்தை பொறந்ததுல இருந்தே இப்படித்தான். முன்ன மாதிரி வராது போல."

"எவ்வளவு இறங்கிடுச்சு?"

"தெரியல. பாடிப் பாக்கலையே."

சுருதியை இறக்க நான் கிட்டாரின் கம்பிகளைத் தளர்த்த ஆரம்பித்தேன். பேஸ்காரனும் கேட்காமலே தன்னுடையதைத் தளர்த்தினான்.

"முதல்ல பேசு. வீட்ல இப்ப யார்கிட்ட அதிகமா பேசுறே?" என்றேன்.

"யார்கிட்டயா? அவன்கிட்டதான். ராத்திரி பகல் இல்லாம" என்று குழந்தை போன திசையைக் காட்டினாள்.

"என்ன சொல்லுவே?"

சொன்னாள். நான் அவள் பேச்சின் சுரங்களைக் கிட்டாரில் தேட ஆரம்பித்தேன்.